சோலை இலை கெண்டைக்காலுக்கு வந்த கதை

இலையைப் பறித்து அப்படியே மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துக் கசக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஐயோடெக்ஸ் வாசம் கிளம்பும். நீலகிரியிலும் பழனி மலையிலும் இமயத்தின் நடுமலைச் சரிவுகளிலும் சோலைக்காட்டு ஓரங்களில் புதராக வளரும் கால்தீரியா ஃப்ராக்ரான்டிசிமா என்னும் செடி அது. தடித்த, சற்றே பளபளக்கும் இலை. அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். வெள்ளைப் பூ, கருநீலப் பழம். ஆங்கிலேயர்கள் இதையும் இதன் வட அமெரிக்க உறவுச் செடியையும் விண்டர்கிரீன் என்று சொன்னார்கள். நம் ஊர்த் தைலக் குப்பிகளின் லேபிளில் கந்தபுரா என்று பொடி எழுத்தில் இருப்பது இதன் எண்ணெய்தான்.

கசக்கும்வரை மணக்காததற்குக் காரணம் உண்டு. மணத்துக்குரிய மெத்தில் சாலிசிலேட்டைச் செடி தனியாக வைத்துக்கொள்வதில்லை. சர்க்கரையோடு பிணைத்து, கால்தீரின் என்ற மணமில்லாத பொருளாக்கி இலைக்குள் பூட்டி வைக்கிறது. பூட்டைத் திறக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் தள்ளி. புழு கடித்தாலோ விரல் நசுக்கினாலோ இரண்டும் ஒன்றோடொன்று கலந்து மணம் விடுபடுகிறது. இந்த மூலக்கூறு விண்டர்கிரீனுக்கு மட்டும் சொந்தமில்லை. நோய் தாக்கிய புகையிலைச் செடி இதைக் காற்றில் விடுவதையும், பக்கத்துச் செடிகள் அதை உள்வாங்கித் தங்கள் எதிர்ப்பைக் கூட்டிக்கொள்வதையும் 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, செடிகளுக்கு இது அபாய அறிவிப்பு. முழங்கால் வலிக்கு இதைத் தடவலாம் என்பது மனிதன் பின்னால் கண்டுபிடித்தது.

அப்படிக் கண்டுபிடித்தவர்களில் வட அமெரிக்காவின் பூர்வகுடிகளும் உண்டு. அங்கே தரையோடு தரையாகப் படரும் கால்தீரியா புரோகும்பென்ஸ் இலையைக் காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் பயன்படுத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் லின்னேயஸின் மாணவர் பேர் கால்ம் அந்தப் பக்கம் செடி சேகரிக்கப் போனார். கியூபெக்கில் அவருக்கு உதவிய மருத்துவர் கோல்தியேயின் பெயர்தான் செடியின் பேரினத்துக்கு வந்தது. உதகைச் சோலையில் நிற்கும் புதருக்கு ஒரு பிரெஞ்சுக் கனடிய வைத்தியர் பெயர் இருப்பது இப்படித்தான். 1843 வாக்கில் பாரிஸில் ஓகஸ்த் காயூர் எண்ணெயைப் பகுத்து, இது சாலிசிலிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர் என்று சொன்னார். ஏறத்தாழ அதே காலத்தில் பிலடெல்பியா மருந்தாளர் வில்லியம் புராக்டர், அப்பலாச்சிய மலையின் ஸ்வீட் பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடிக்கும் எண்ணெயும் இதேதான் என்று கண்டார். அதன்பின் அமெரிக்கர்கள் இலை பொறுக்குவதை விட்டு மரத்தை வெட்டத் தொடங்கினார்கள். பட்டை மலிவு.

நீலகிரி இந்தக் கதைக்குள் வருவது சிங்கோனா காலத்தில். மலேரியாவுக்குக் குயினைன் வேண்டும் என்று ஆங்கிலேய அரசு நீலகிரியில் சிங்கோனா தோட்டம் போட்டு, அதற்கென்று ஒரு வேதியியலாளரையும் அமர்த்தியது. 1866இல் அந்த வேலைக்கு வந்த ஜான் பிரவ்டன், சிங்கோனாப் பட்டையோடு நிற்காமல் அக்கம்பக்கத்துச் செடிகளையும் காய்ச்சிப் பார்த்தார். மலை முழுக்கப் புதராகக் கிடந்த இந்தச் செடியின் எண்ணெய், கனடாவிலிருந்து வரும் விண்டர்கிரீன் எண்ணெயேதான் என்று எழுதி வைத்தார். அவர் மனத்தில் இருந்தது வலி அல்ல. அறுவை அறைகளில் கிருமிகளைக் கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தை இதிலிருந்து எடுக்க முடியுமா என்பது. வேதியியல்படி முடியும். ஆனால் நிலக்கரித் தாரிலிருந்து கார்பாலிக் அமிலம் மலிவாக வந்துகொண்டிருந்த காலம் அது. யோசனை காகிதத்தோடு நின்றது.

எண்ணெய் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுவதைப் போலத்தான், ஆனால் இரண்டு இடத்தில் மாறும். யூகலிப்டஸ் இலையைப் பறித்ததும் அண்டாவில் திணித்து நெருப்பு மூட்டிவிடலாம். இதை அப்படிச் செய்தால் எண்ணெய் குறையும். இலையை நசுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். நொதி தன் வேலையை முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், மணம் பூட்டிய பூட்டோடு போய்விடும். இரண்டாவது மாற்றம் கடைசியில். நீராவி குழாய் வழியாக வந்து, குளிர்ந்து, கண்ணாடிக் கலத்தில் சொட்டும்போது யூகலிப்டஸ் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். பெரும்பாலான மணவெண்ணெய்கள் அப்படித்தான். விண்டர்கிரீன் எண்ணெய் மூழ்கும். தண்ணீரைவிடக் கனம், ஒப்படர்த்தி 1.18. கலத்தின் அடியில் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு படிவு சேரும். மேலே நிற்கும் தண்ணீரை இறுத்து ஊற்றிவிட்டு அடியிலிருப்பதை எடுப்பார்கள். 100 கிலோ பச்சிலைக்கு 1 கிலோ எண்ணெய்கூடத் தேறாது.

அதனால்தான் உதகைக் கடைத்தெருவில் விண்டர்கிரீன் என்று மலிவு விலைக்கு விற்கும் குப்பிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்த விலைக்கு இலை கட்டாது. இன்று இலையிலிருந்து எடுத்த எண்ணெய்க்குப் பெயர்பெற்றது நேபாளம். தோலகா போன்ற மலை மாவட்டங்களில் ஊர்க்காடுகளைப் பராமரிக்கும் மக்கள் இலை பறித்துக் காய்ச்சி ஏற்றுமதி செய்கிறார்கள். உலகத்தின் தைலக் குப்பிகளில் இருக்கும் மீதி பெரும்பங்கு ஆலையில் பிறந்தது.

ஆலைப் பிறப்பு நமக்குப் புதிதல்ல. கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்திருப்பார்கள். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை சாலிசிலிக் அமிலம், கொஞ்சம் மெத்தனால், இரண்டு சொட்டு அடர் கந்தக அமிலம். சூடாக்கித் தண்ணீரில் ஊற்றினால் கூடம் முழுக்க வலித்தைல வாசம் பரவும். “ஐயோடெக்ஸ் மாதிரி வாசம் வருதா? அப்ப சாலிசிலிக் அமிலம்தான், எழுதிக்கோ” என்று சொல்லிக்கொடுக்காத செய்முறை ஆசிரியர் இருந்திருக்க முடியாது. அந்தச் சோதனைக் குழாயின் பெரிய வடிவம்தான் ஆலை. ஹெர்மான் கோல்பே ஃபீனாலிலிருந்து சாலிசிலிக் அமிலம் செய்யும் வழியைக் கண்டதும், 1874இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் அதற்கென்று தொழிற்சாலை எழுந்தது. அதே அமிலத்திலிருந்துதான் 1897இல் பேயர் நிறுவனத்தின் ஆஸ்பிரினும் வந்தது. தைலமும் தலைவலி மாத்திரையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பெட்ரோலியத்திலிருந்து ஆலையில் பிறந்த எண்ணெயையும் இலையில் பிறந்ததையும் மூக்கால் பிரிக்க முடியாது. கரிமம்-14 சோதனை பிரிக்கும். இலை நேற்றைய காற்றைத் தின்று வளர்ந்தது, அதில் கரிமம்-14 இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். மருந்தாக, இரண்டும் ஒன்றுதான்.

மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய சரக்கு குப்பிகளுக்குள் புகுந்தது. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே சந்தை பிடித்தார் என்று சொல்வார்கள். தலைவலித் தைலத்துக்குக் கச்சேரியைத் தேர்ந்தெடுத்தவரின் வியாபார மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். ‘ஆந்திர பத்திரிகா’வை நிறுவியவரும் அவரே. நிறுவனம் பிற்பாடு சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் அவர் பெயரில் இருக்கும் பூங்காவில் இன்றும் காலை நடையாளர்கள் முழங்காலில் ஏதாவது ஒரு தைலத்தோடு சுற்றி வருகிறார்கள். பிரான்சில் ஜூல் பெங்கே செய்த களிம்பு 1898இல் அமெரிக்கா போய், பென்கே என்ற பெயரில் விளையாட்டு வீரர்களின் உடைமாற்றும் அறைகளில் குடியேறியது. சிங்கப்பூரில் 1928இல் பிறந்த கோடாலித் தைலம் நம் ஆட்களின் பெட்டியில் ஏறி ஊர் ஊராக வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் ஒரு டஜன் கோடாலித் தைலம் கொண்டுவராவிட்டால் சொந்தக்காரர்கள் மனத்தாங்கல் கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதிலும் மெத்தில் சாலிசிலேட் உண்டு. பின்னால் ஸ்ப்ரே வந்தது. கிரிக்கெட்டிலும் கபடியிலும் ஒருவர் விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர் கையில் முதலில் தெரிவது அதுதான்.

இனி இந்த எண்ணெய் மைதானத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தைலம் வாங்கிக்கொள்ளும் பேரில் பாதிக்குமேல் அதைத் தடவிய கைக்குச் சேர வேண்டியது.

தென் மாவட்டங்களில் கோயில் கொடையை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிகளில் விடிய விடிய ஆட்டம் இருக்கும். வேனில் வந்து இறங்கிய அணி முதல் சுற்று ஆடிவிட்டு, அடுத்த அழைப்புக்காக ஒலிபெருக்கியைக் கேட்டபடி பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அப்படியோர் இரவில், முன்பு ஆடி ஓய்ந்த ஒரு மூத்தவர் ரெய்டர் பையன் ஒருவனின் காலைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். பையன் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து நீட்டினான்.

“அத உள்ள வைடே. தேங்காண்ணெய் இருக்கா?”

“இருக்குண்ணே. ஆனா இது போட்டாத்தான சூடு ஏறும்?”

“ஆடுன காலுக்கு இன்னும் என்ன சூடு? குப்புறப் படு. வலிச்சா சொல்லு, பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காத.”

எண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். கணுக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை இரண்டு கையாலும் மெதுவாக நீவினார். எப்போதும் கீழிருந்து மேலே, இதயத்தை நோக்கி. ஏழெட்டு முறை அப்படி. பிறகு கெண்டைச் சதையை இரு கையாலும் பிடித்துத் தூக்கிப் பிசைந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே கட்டை விரலை ஊன்றி, தேய்க்காமல், அழுத்தியபடியே வைத்திருந்தார். பையன் முகம் சுருங்கி, மெல்ல விரிந்தது. குதிகால் தசைநாணின்மேல் விரலைக் குறுக்காகப் போட்டுச் சிறு சிறு அசைவு. கடைசியில் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து ஒரு நீட்டல். பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒலிபெருக்கியில் பெயர் வந்தது, பையன் எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு ஓடினான்.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பாவில் பெயர் வைத்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1813இல் பேர் ஹென்ரிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகத்தில் நீவுவதும் பிசைவதும் மருத்துவ உடற்பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்பட்டன. நெதர்லாந்து மருத்துவர் மெட்ஸ்கரும் அவர் வழிவந்தவர்களும் நீவல், பிசைதல், தட்டல் ஆகியவற்றுக்கு வைத்த பிரெஞ்சுப் பெயர்களே இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. லண்டனில் 1894இல் நான்கு செவிலியர்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில்கள் நடந்து, ஊரே அதைப் பற்றிக் கிசுகிசுத்த சமயம் அது. தங்கள் தொழிலின் மானத்தைக் காக்கத் தேர்வும் விதிமுறைகளும் கொண்டுவந்தார்கள். பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி சங்கம் அந்தச் சங்கத்தின் வாரிசு. அணியின் பிசியோவைப் பெரிய படிப்பாளியாகவும் காலை நீவிவிடுபவரை எடுபிடியாகவும் பார்க்கிற நம் அணி நிர்வாகிகள் இதைத் தெரிந்துகொண்டால் தேவலை.

தொழில்முறையாக மசாஜ் செய்கிறவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணெயோ மணமில்லாத கிரீமோதான் பயன்படுத்துகிறார்கள். மூன்று வாரம் ஓடும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் அணி உதவியாளர்கள் வீரர்களின் கால்களை ஒருவர்பின் ஒருவராக நீவிவிடுவார்கள். நாளெல்லாம் மெத்தில் சாலிசிலேட்டில் கை வைத்திருந்தால் வேலை செய்பவரின் தோல் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். தைலத்தைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. எரியும் தைலம் தடவிய இடத்தில் வலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஆடுபவரால் சரியாகச் சொல்ல முடியாது. மசாஜ் செய்கிறவருக்கு அந்தப் பதில்தான் வழிகாட்டி.

அப்படியானால் தைலம் என்னதான் செய்கிறது? தோலை லேசாகக் கிளறிவிடுகிறது. அங்கே சிவந்து, சூடு பரவுவதுபோல் தோன்றுகிறது. கூடச் சேர்க்கும் மென்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. இந்தப் புதுச் செய்திகள் முதுகுத்தண்டுக்குப் போய்ச் சேரும்போது ஆழத்திலிருந்து வரும் வலிச் செய்திக்கு வழி குறுகிவிடுகிறது. மெல்சாக், வால் இருவரும் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதற்குத் தரும் விளக்கம் அது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துக்கொள்வதும் இதே கணக்கில் வரும். அதாவது தைலம் செய்வதில் ஒரு பங்கை வெறும் தேய்ப்பே செய்துவிடுகிறது. தோலுக்குள் இறங்கும் மெத்தில் சாலிசிலேட்டை உடம்பின் நொதிகள் உடைத்துச் சாலிசிலிக் அமிலமாக்கும். அது ஆஸ்பிரின் குடும்பத்து வேலையைக் கொஞ்சம் செய்யும். எவ்வளவு என்பதில் ஆய்வுகள் பெரிய உற்சாகம் காட்டவில்லை.

கையின் வேலையைப் பற்றியும் வீண்பேச்சு நிறைய இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வடிந்துவிடும் என்பது மைதானங்களில் நெடுநாளாக உலவும் வேதவாக்கு. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் முன்கையைக் களைக்கச் செய்து, பின் மசாஜ் செய்து அளந்து பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது: மசாஜின் அழுத்தம் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, லாக்டிக் அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியது. அது பெரிய நஷ்டமும் இல்லை. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போனால் அந்த அமிலம் தானாகவே தீர்ந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் தொடை வலிப்பது அதனால் அல்ல. பழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களுக்கு ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சியும்தான் அந்த வலி.

அங்கேதான் மசாஜ் உதவுகிறது. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்க விட்டு, ஒரு தொடையை மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வில், மசாஜ் செய்த தொடையில் அழற்சிச் சமிக்ஞைகள் குறைந்திருந்தன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டிக் அமிலத்தில் வித்தியாசமே இல்லை. 2021இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காயம்பட்ட எலித் தசையை ஒரு சிறு ரோபோ கருவியால் இரண்டு வாரம் சீராக அழுத்திக்கொடுத்தார்கள். அழற்சிச் செல்கள் சீக்கிரம் வெளியேறி, தசை வேகமாகத் தேறியது. எலிக்குத் தைலம் தடவவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அழுத்தம் மட்டுமே மருந்தாக இருந்தது.

மொத்தக் கணக்கைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. 29 ஆய்வுகள், 1,012 பேர். மசாஜால் ஓட்ட வேகமோ தாவும் உயரமோ பலமோ தாக்குப்பிடிக்கும் திறனோ கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உடல் வளைந்துகொடுப்பதிலும் மறுநாள் வலி குறைவதிலும் சிறிய, ஆனால் உண்மையான பலன் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு மசாஜ் வீண் என்று சொல்பவர்கள் கபடிப் போட்டியின் மூன்றாம் சுற்றைப் பார்த்ததில்லை. நாளைக்கும் ஆட வேண்டியவனுக்கு வலி குறைவதும் கால் மடங்குவதும் சின்ன விஷயமா? தூக்கம் வருவது, பதற்றம் தணிவது, இவையெல்லாம் அந்தத் தொகுப்பின் அளவுகோலுக்குள் வராதவை.

சிகிச்சைக்காகச் செய்யும் மசாஜ் இன்னும் நிதானமான வேலை. பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்து ஆறியவருக்கு அந்த இடம் இறுகிப் போயிருக்கும். ஓடும்போது அதை அறியாமலே காத்துக்கொள்வதால் இடுப்பும் மறுகாலும் கூடுதல் பாரம் தாங்கும். பழகிய விரல்கள் அந்த இறுக்கத்தைத் தேடிப்பிடித்து, வாரக்கணக்கில் தளர்த்தி, கூடவே உடற்பயிற்சியும் கொடுத்துப் பழைய அசைவைத் திருப்பிக் கொண்டுவரும். கணினி முன் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டவருக்கும் இதே வழிதான். கீழ்முதுகு வலிக்குக் கொஞ்ச காலத்துக்கு ஆறுதல் கிடைக்கும். பயிற்சியில்லாமல் மசாஜ் மட்டும் செய்துகொண்டால் வலி திரும்பி வரும், மசாஜ் செய்பவருக்கு வாடிக்கையாளரும் திரும்பி வருவார்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான் தேர்ந்தவரை அடையாளம் காட்டும். தசை கிழிந்த, அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். தொடையில் பலமான உள்காயம் பட்டு ரத்தம் கட்டியிருக்கும்போது முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அந்தத் தசைக்குள் எலும்பு வளரும் ஆபத்துகூட உண்டு. மருத்துவர்கள் அதை மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். நீண்ட பயணத்துக்குப் பின்னோ படுக்கையில் கிடந்த பின்னோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். அதை நீவினால் உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊரில் சுளுக்கு எடுப்பவர்களில் நல்லவர்கள் முதலில் விரலால் தடவிப் பார்த்து, “இது எலும்பு சமாச்சாரம், போய்ப் படம் எடுங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் உருவிவிடத் துணிகிறவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

எண்ணெயின் பயணம் தோலோடு முடிவதில்லை. உள்ளே இறங்கிய சாலிசிலேட் ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகம் வழியாக வெளியேறும். வியர்த்த, சூடான, ஓடிக் களைத்த உடம்பில் இது உள்ளே போகும் அளவு கணிசமாகக் கூடும். நம் வெயிலில் ஆடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் 2007இல் 17 வயது ஓட்ட வீராங்கனை ஒருவர் வலிக் களிம்புகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தி, ரத்தத்தில் மெத்தில் சாலிசிலேட் நஞ்சாகி இறந்தார். 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இத்தகைய தைலங்களால் ஏற்படும் தோல் எரிகாயங்களைப் பற்றி எச்சரித்தது. மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் செறிவாக இருக்கும் தயாரிப்புகளிலேயே அது அதிகம் நிகழ்ந்திருந்தது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையோ இறுக்கமான கட்டோ கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை நிறையத் தேய்த்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையின் வேகம் கூடி ரத்தக் கசிவு வரலாம்.

கலப்பில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சாதாரண மாத்திரைக் கணக்கில் இருபதுக்கு மேல். ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். மணமோ மிட்டாய் மணம். மலைக்குப் போய்வந்தவர்கள் வாங்கிவந்த குப்பி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதை எடுத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். விளையாடப் போகும் பிள்ளை, அடியோ வீக்கமோ இல்லாமல், கால் வலிக்கிறது என்று வந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கீழிருந்து மேலே பத்து நிமிடம் நீவிவிடுங்கள். மூன்று நாளில் குறையாவிட்டால் நல்ல பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.